பழைய அலுவலகக் கணினியில் பிராசஸர் கூலரை மாற்றுவது: அளவெடுப்பது முதல் கடைசிச் சோதனை வரை

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீட்டின் முன்னறையில், சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைச் சரிசெய்கிறோம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அவை போகும். வேலை பழக வரும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கணினி சூடாகிறது என்று தெரிந்த அன்றே கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் பளபளப்பான கூலர் (கணினியின் மூளையான பிராசஸர் சில்லின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளும் ஃபேனும்) ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மூடி மூடாது, அல்லது ஓட்டை பொருந்தாது, அல்லது ஃபேன் ஒயரை மாட்ட இடம் இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் கூலர் வாங்குவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கையும் செய்தவர்களில் பாதிப் பேருக்கு வாங்கவேண்டிய தேவையே வராமல் போகலாம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர், உள்ளே இன்டெல் ஐ7-4790. எங்கள் மேசைக்கு அடிக்கடி வருவது இதுதான். ஹெச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகளுக்கும் படிகளின் வரிசை இதேதான். ஸ்க்ரூக்களும் கனெக்டர்களும் மட்டும் மாறும். ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி வைத்திருப்பவர்கள் நான்காவது படியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்து சென்டிமீட்டர்கூட அகலமில்லாத பெட்டியில் பெரிய கூலருக்கு இடம் கிடையாது.

முதல் தடவை செய்பவர் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கணினி நாளை காலை கட்டாயம் வேண்டும் என்றால் இன்று இரவு தொடங்காதீர்கள்.

1. தொடுவதற்கு முன் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

“ரொம்ப சூடாகுது அண்ணே” என்பது அளவு ஆகாது. பெட்டியின் மேல் கை வைத்துப் பார்ப்பதும் அளவு ஆகாது. பிராசஸருக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கிறது; அதைப் படிக்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போன்ற இலவச நிரல் போதும்.

கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டு, பிராசஸர் வெப்பத்தைக் குறியுங்கள். இது முதல் எண். பிறகு சினிபெஞ்ச் ஆர்23 நிரலைப் பத்து நிமிடச் சோதனையில் ஓட்டுங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் காட்டும் அதிகபட்ச வெப்பம் இரண்டாவது எண். அந்த நேரத்தில் பிராசஸரின் வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பது மூன்றாவது. அறையின் வெப்பம் நான்காவது.

இந்த நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காற்றால் குளிரும் எந்தக் கூலரும் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. கோலாலம்பூரில் பிற்பகல் நேரத்தில் ஏர்கோன் இல்லாத அறை 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஏர்கோன் போட்ட அறை 24 டிகிரி. மதியம் அளந்துவிட்டு, கூலரை மாற்றி, இரவில் ஏர்கோன் அறையில் மறுபடி அளந்தால் எட்டு டிகிரி குறைந்ததாகத் தெரியும். கூலர் ஒன்றுமே செய்திருக்காது. அதனால் பிராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, அந்த வித்தியாசத்தை எழுதி வையுங்கள். கடைசிவரை நாம் ஒப்பிடப்போவது அதைத்தான்.

மூன்றாவது எண் எதற்கு? ஐ7-4790 பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அப்போது வெப்பம் 100-லேயே நிற்கும், கூடாது. வேகம் மட்டும் இறங்கும். வெப்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரியாது. அண்மையில் என் மேசைக்கு வந்த கணினி ஒன்றில் அறை 31, சும்மா இருக்கும்போது 52, சோதனையில் 99. வேகம் 3.6-க்கும் கீழே போய்ப்போய் வந்தது. அதாவது அதன் அடிப்படை வேகத்தையே அதனால் தாங்கிப்பிடிக்க முடியவில்லை.

இங்கே ஓர் எல்லைக்கோட்டையும் சொல்லிவிடுகிறேன். முழு வேலையில் 80 டிகிரிக்குள் இருக்கிறது, வேகமும் குறையவில்லை என்றால் கூலரை மாற்றவேண்டாம். இரைச்சல் தாங்கவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதே சோதனை

ஐந்து பைசா செலவில்லாத படி இது. மூடியைக் கழற்றி வைத்து, அதே அறையில் அதே பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு இறங்கினால், கூலர் தன் வேலையைச் செய்கிறது; பெட்டிக்குள் காற்றுதான் போய்வரவில்லை. முன்பக்கத் துளைகள் அடைத்திருக்கும், பின்பக்க ஃபேன் சுற்றாமல் நின்றிருக்கும், அல்லது பெட்டி மேசையின் கீழே மூன்று பக்கமும் அடைத்த அறைக்குள் இருக்கும். இங்கே புதுக் கூலர் போட்டாலும் அது அதே சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

மூடியைக் கழற்றியும் இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் கோளாறு கூலரில், அல்லது கூலருக்கும் பிராசஸருக்கும் இடையில் இருக்கும், வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்டில். அடுத்த படிக்குப் போகலாம்.

3. கையில் இருக்கவேண்டியவை

நட்சத்திர முனை (பிலிப்ஸ், கூட்டல் குறி வடிவம்) ஸ்க்ரூடிரைவர், இரண்டாம் எண், நுனியில் காந்தம் இருந்தால் நல்லது. ஐசோபுரொபைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பது 70 சதவீதம். அதில் தண்ணீர் அதிகம், வேறு வழியில்லை என்றால் அதைப் பயன்படுத்தி நன்றாகக் காயவிடுங்கள். நூல் உதிராத துணி அல்லது காப்பி வடிகட்டும் தாள். மெல்லிய பெயின்ட் பிரஷ். ஒரு ஸ்கேல். தெர்மல் பேஸ்ட் ஒரு சிறிய டியூப்.

பேஸ்டில் மின்சாரம் கடத்தாத வகையை வாங்குங்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்றவை அப்படிப்பட்டவை. லிக்விட் மெட்டல் என்று விற்பது வேண்டவே வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். பழைய கணினிகளின் ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுப் பகுதி) பெரும்பாலும் அலுமினியம்தான்.

ஐஸ் கட்டித் தட்டு ஒன்றும் எடுத்து வையுங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களை வரிசைப்படி ஒவ்வொரு குழியாகப் போடுவதற்கு. அலுவலகக் கணினியில் நீளம் மாறிய ஸ்க்ரூக்கள் கலந்திருக்கும். நீளமானதை மாற்றிப் போட்டு இறுக்கினால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) முட்டும்.

கூடவே சிஆர்2032 பேட்டரி ஒன்று. பத்து வருஷக் கணினியில் கடிகாரத்துக்கான பேட்டரி எப்படியும் தீரும் நிலையில் இருக்கும். பெட்டியை ஒரே ஒரு தடவை திறந்தால் போதுமே.

4. சுத்தம் செய்து, பழைய கூலரையே புதுப் பேஸ்டோடு மாட்டிப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. அதிக பலன் தருவதும் இதுதான்.

முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள். வருஷக்கணக்கில் காய்ந்த பேஸ்ட் சூட்டில்தான் இளகும். அணைத்ததும் சுவரிலிருந்து பிளக்கை உருவி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். எதையும் தொடுவதற்கு முன் பவர் சப்ளையின் இரும்பு உடம்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும்.

கூலரைக் கழற்றும் முன் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். ஃபேன் ஒயர் எங்கே போகிறது, எந்த வளையத்துக்குள் நுழைகிறது என்பது தெரியவேண்டும். ஒயரைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டால் மறுபக்கத்தின் அழுத்தம் முழுவதும் மதர்போர்டில் இறங்கும்.

பிறகு கூலரை மேலே இழுக்காதீர்கள். ஜாடி மூடியைத் திருப்புவதுபோல இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) பிராசஸரை ஓர் இரும்புச் சட்டம் பிடித்திருக்கும், ஆபத்து குறைவு. ஏஎம்டி ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட்டில் அப்படி எதுவும் கிடையாது. நேராக இழுத்தால் பிராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும், அடியில் உள்ள ஊசிகள் வளையும்.

இனி தூசு. பூசையறைக்குப் பக்கத்தில் கணினி இருந்த வீடு என்றால் ஹீட்சிங்கைத் திறந்ததுமே தெரிந்துவிடும். சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து, தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல ஒரு பட்டை படிந்திருக்கும். ஊதினால் அது போகாது. ஃபேனைத் தனியாகக் கழற்றி, ஹீட்சிங்கை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுவேன். ஃபேனில் தண்ணீர் படக்கூடாது. காற்று ஊதிச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் கெடும். பவர் சப்ளையின் காற்றுத் துளைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டையும் எறும்புக் கூடும் நான் பார்த்திருக்கிறேன். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கவேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பிராசஸரின் மேல்தகட்டிலும் கூலரின் அடியிலும் இருக்கும் பழைய பேஸ்டை ஆல்கஹால் நனைத்த தாளால் வெளியிலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் அழுக்கு சாக்கெட் ஓரத்தில் விழும். கத்தி, ஸ்டீல் ஸ்க்ரப்பர் எதுவும் வேண்டாம். எழுத்துகள் தெளிவாகத் தெரியும்வரை துடைத்தால் போதும்.

புதுப் பேஸ்ட் வைத்து (அளவு 7-ஆம் படியில்) பழைய கூலரையே மாட்டி, முதல் படியின் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். மேலே சொன்ன கணினியில் இதற்கே 99-லிருந்து 85-க்கு வந்தது, அறை அதே 31. அதை வாங்கிப் போக வந்த அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மகள் எழுதவும் படிக்கவும் கூகிள் வகுப்பறையில் சேரவும்தான் கணினி. ஆனால் அந்தப் பெண் காணொளி வெட்டித் தொகுக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த வேலைக்கு 85 சரியில்லை. எனவே தொடர்ந்தோம்.

5. வாங்கும் முன் நான்கு பொருத்தங்கள்

மெதுவாகப் படியுங்கள். வீணாகும் பணமெல்லாம் இந்தப் படியைச் சரியாகச் செய்யாததால்தான் வீணாகிறது.

முதலாவது, ஓட்டைகளின் இடைவெளி. சாக்கெட்டைச் சுற்றி நான்கு ஓட்டைகள் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால், இன்டெல் எல்ஜிஏ1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றிலும் 75 மி.மீ. வரும். அதற்கு முந்தைய எல்ஜிஏ775-ல் 72. பிறகு வந்த எல்ஜிஏ1700-ல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்திப் பொருத்தப் பார்க்காதீர்கள், போர்டில் விரிசல் விழும். ஏஎம்டியில் சதுரம் கிடையாது, நீள்சதுரம்: ஏஎம்4-ல் 90-க்கு 54, ஏஎம்3-ல் 96-க்கு 48. இப்போது கடையில் இருக்கும் சில கூலர்கள் எல்ஜிஏ1700-க்கும் ஏஎம்5-க்கும் மட்டுமே பொருத்துபொருள் வைத்து வருகின்றன. டப்பாவின் பக்கவாட்டில் உங்கள் சாக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

இரண்டாவது, ஸ்க்ரூ எதில் இறங்குகிறது? வீட்டில் ஒன்று சேர்த்த கணினியில் மதர்போர்டின் பின்னால் தனித் தகடு ஒன்று இருக்கும், அதுதான் பேக்பிளேட். தொழிற்சாலையில் சேர்த்து வந்த கணினிகளில் இது மூன்று விதமாக இருக்கலாம். போர்டின் பின்னால் தகடு ஒட்டியிருக்கும், அல்லது திருகிக் கழற்றக்கூடிய சிறு தூண்கள் இருக்கும், அல்லது பெட்டியின் இரும்புத் தளத்திலேயே நான்கு தூண்கள் அடித்திருக்கும். மூன்றாவது வகை என்றால் புதுக் கூலரோடு வரும் பேக்பிளேட்டை நுழைக்க இடமே இருக்காது. கூலரைக் கழற்றிய நிலையில் ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்து, எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, உயரம். பெட்டியைப் படுக்க வையுங்கள். மூடி உட்காரும் விளிம்பின் மேல் ஒரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து சாக்கெட் பக்கத்து மதர்போர்டு வரை ஸ்கேலால் அளங்கள். அதிலிருந்து 8 மி.மீ. கழியுங்கள், பிராசஸரின் மேல்தகடு போர்டிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கூலரின் உயரம் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னும் 5 மி.மீ. விட்டுவிடுங்கள். மூடியின் உள்பக்கம் மேடோ பிடிப்போ இருந்தால் அதையும் கழிக்கவேண்டும்.

9020 மினி டவரின் வெளி அகலமே 175 மி.மீ.தான். 120 மி.மீ. ஃபேன் கொண்ட டவர் கூலர்கள் (தகடுகள் கோபுரம்போல நிமிர்ந்து நிற்கும் வகை) பலவும் 150 முதல் 160 மி.மீ. உயரம். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வரிசை அந்த உயரத்தின் மேல்முனையில் நிற்கிறது. இந்தப் பெட்டிக்கு நான் எடுப்பது 92 மி.மீ. ஃபேன் கொண்ட டவர், 125 முதல் 135 மி.மீ. உயரத்துக்குள். நாக்டுவா என்ஹெச்-யு9எஸ் 125 மி.மீ., ஆர்க்டிக் ஃப்ரீசர் 7 எக்ஸ் 132.5 மி.மீ. ஐ7-4790 தள்ளும் வெப்பம் 84 வாட் கணக்கில் வருவதால் இந்த அளவுக் கூலர் தாராளம். உயரத்தோடு, ராம் (நினைவகம்) செருகும் முதல் துளையையும் பாருங்கள். சில டவர்களின் ஃபேன் அதன் மேல் வந்து நிற்கும்.

நான்காவது, ஃபேன் கனெக்டர். சந்தையில் விற்கும் கூலர்களுக்கு நான்கு முனை: தரை (கிரவுண்ட்), 12 வோல்ட், வேக அறிவிப்பு, வேகக் கட்டுப்பாடு. ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020 போன்றவற்றின் போர்டில் ஐந்து முனை இருக்கும். நான்கு முனை பிளக்கை அதில் எப்படியோ அழுத்தி ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முனைகளின் வரிசை வேறு. 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போனால் போர்டு போய்விடும். இதற்கென்றே ஐந்து முனைக்கு நான்கு முனை மாற்று ஒயர் இணையக் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி வாங்குங்கள். கூலரோடு சேர்த்தே அதையும் ஆர்டர் செய்துவிடுங்கள், ஒயருக்காக மட்டும் ஒரு வாரம் பெட்டி திறந்தே கிடக்கவேண்டாம்.

நான்கில் ஏதாவது ஒன்று இடித்தால் இன்னொரு வழி இருக்கிறது. தொடக்கநிலைக் கணினிகளுக்கு வெறும் அலுமினியக் கூலரும், அதிக வாட் பிராசஸர் போட்டவற்றுக்கு நடுவில் செம்பு வைத்ததோ வெப்பக்குழாய் வைத்ததோ ஆன கனமான கூலரும் உற்பத்தியாளர்கள் கொடுத்திருப்பார்கள். அதே மாடலுக்கான அந்தக் கனமான கூலர் பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். ஓட்டை, உயரம், கனெக்டர் எல்லாம் தானாகப் பொருந்தும். ஐ5 போட்டு வந்த பெட்டியில் பிறகு ஐ7 மாற்றிப் போட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

நான் பழகிய தொடக்கத்தில் ஒரு கடையில் “எல்லா இன்டெலுக்கும் போடலாம்” என்று சொன்னதை நம்பி 158 மி.மீ. கூலரை வாங்கி வந்தேன். எல்லாம் மாட்டி முடித்து மூடியைச் சாத்தியபோது பதினைந்து மில்லிமீட்டர் வெளியே துருத்தி நின்றது. டப்பாவைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஸ்கேல் இல்லாமல் கடைக்குப் போவதில்லை.

6. பேக்பிளேட் போட மதர்போர்டை வெளியே எடுப்பது

சில பெட்டிகளில் மதர்போர்டின் பின்னால் உள்ள தளத்தில் சாக்கெட்டுக்கு நேராக ஒரு சன்னல் வெட்டியிருக்கும். இருந்தால் அதிர்ஷ்டம், பின்பக்கத்திலிருந்தே வேலை முடியும். பழைய அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது, போர்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஒவ்வொரு ஒயரைக் கழற்றும் முன்பும் அதன் இடத்தைப் படம் எடுங்கள். பவர் பொத்தானின் ஒயர், முன் யுஎஸ்பி, சாட்டா (ஹார்ட் டிஸ்க் ஒயர்), பவர். பிளக்கின் நிறத்தையும் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் படத்தில் தெரியும்படி எடுக்கவேண்டும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

போர்டைத் தூக்கும்போது ஓரங்களைப் பிடியுங்கள். செய்தித்தாள் விரித்த மரமேசையில் வையுங்கள். பழைய பேக்பிளேட் பசையால் ஒட்டியிருந்தால் நெம்பவேண்டாம். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் இளஞ்சூடு காட்டினால் கழன்றுவரும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் போர்டின் மெல்லிய செம்புக் கோடுகள் அறுந்துபோகும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

புதுப் பேக்பிளேட்டை மாட்டி, போர்டை மறுபடி அதே இடத்தில் இறக்குங்கள். தளத்தில் உள்ள எல்லாத் தூண்களுக்கும் நேராகப் போர்டில் ஓட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு தூண் போர்டை முட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகும்.

7. பேஸ்ட் வைத்துக் கூலரை அமர்த்துவது

முதலில் கூலரின் அடியைப் பாருங்கள். கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்து எடுக்கவேண்டும். சிரிக்காதீர்கள், நான்கு பேர் அதோடு மாட்டி “புதுக் கூலர் பழையதைவிட மோசம்” என்று கொண்டுவந்திருக்கிறார்கள். சில கூலர்களில் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும்; அப்படியானால் நீங்கள் மேலும் வைக்கவேண்டாம்.

பேஸ்டின் அளவு சின்னப் பச்சைப் பட்டாணி ஒன்று, பிராசஸரின் நடுவில். கொண்டைக்கடலை அளவுக்குப் போகாதீர்கள். விரலால் தேய்த்துப் பரப்பவேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். பேஸ்டின் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவது மட்டுமே. அது உலோகத்தைவிடக் குறைவாகத்தான் வெப்பம் கடத்தும். தடித்தால் அதுவே தடையாகிவிடும்.

டவரின் முகம் எந்தப் பக்கம்? ஃபேனின் காற்று பெட்டியின் பின்பக்க ஃபேனை நோக்கிப் போகவேண்டும். ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லையென்றால், தாங்கிக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். எதிர்த் திசையில் வைத்தால் இரண்டு ஃபேன்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும்.

கூலரை நேராக மேலிருந்து இறக்குங்கள். இறக்கிய பிறகு தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் பேஸ்டில் காற்றுக் குமிழ் புகும், துடைத்துவிட்டு முதலிலிருந்து வைக்கவேண்டும். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூவாக இருந்தால் ஓரிடத்தில் தானாக நின்றுவிடும், அதற்கு மேல் முறுக்கவேண்டாம். நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் பொருத்தும் வகை என்றால், ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று உட்காரும்வரை மூலைக்கு மூலையாக அழுத்தி, பிறகு போர்டின் பின்பக்கம் நான்கு நுனியும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று உட்கார்ந்து ஒன்று தொங்குவதுதான் வழக்கமாக நடப்பது.

8. ஃபேன் ஒயர்

மாற்று ஒயரைப் போர்டில் பிராசஸர் ஃபேனுக்கான இடத்திலேயே மாட்டுங்கள். பெட்டி ஃபேனுக்கான இடத்தில் மாட்டினாலும் சுற்றும், ஆனால் பிராசஸர் சூடாகும்போது வேகம் கூடாது. மூன்று முனை ஃபேனை வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் மாட்டினால் எப்போதும் முழு வேகத்தில் ஓடி இரைச்சலிடும். நான்கு முனை ஃபேனாகவே வாங்குங்கள். மிச்ச ஒயரைக் கட்டி ஒதுக்குங்கள், இறக்கையில் படக்கூடாது.

இன்னொரு விஷயம், டவருக்கு மாறுகிறவர்கள் யோசிக்காதது. பழைய கூலரின் ஃபேன் போர்டைப் பார்த்துக் காற்றை ஊதும் வகையாக இருந்திருந்தால், அந்தக் காற்றே சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சுற்றுகளையும் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தருபவை) குளிரவைத்துக்கொண்டிருந்தது. டவர் ஃபேன் பக்கவாட்டில் ஊதும், அங்கே காற்று போகாது. அலுவலகப் போர்டுகள் பலவற்றில் அந்தச் சுற்றுகளுக்குத் தனி ஹீட்சிங்க் கிடையாது. ஆகவே பின்பக்க ஃபேன் நன்றாக ஓடவேண்டும். முன்பக்கம் ஃபேன் வைக்க இடமிருந்தால் ஒன்று வையுங்கள்.

9. மூடுவதற்கு முன் முதல் ஓட்டம்

மூடியைச் சாத்தாமல் பிளக்கை மாட்டிப் போடுங்கள். கண் ஃபேனில் இருக்கட்டும். மூன்று நான்கு வினாடிக்குள் சுற்றவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஃபேன் கிடைக்கவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தால், ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், வேக அறிவிப்பு ஒயர் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மாற்று ஒயரின் பொருத்தத்தைப் பாருங்கள். எஃப்1 அழுத்தித் தாண்டிப் போகமுடியும் என்பதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒருநாள் ஃபேன் நிஜமாகவே நின்றால் யாருக்கும் தெரியாது.

பிறகு விண்டோசுக்குள் போய் ஐந்து நிமிடம் சும்மா விட்டு வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் ஏறி 70-ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. அணைத்து, கழற்றி, பேஸ்டின் தடத்தைப் பாருங்கள். அது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஒட்டாமலும் இருந்தால் எந்த மூலை தளர்ந்தது என்பதைத் தடமே காட்டிக்கொடுக்கும்.

10. அதே அறை, அதே நேரம், அதே சோதனை

மூடியைச் சாத்தி, முதல் படியில் செய்ததை அப்படியே திரும்பச் செய்யுங்கள். முடிந்தால் அதே பிற்பகல் நேரத்தில். அந்த மாணவியின் கணினியில் அறை 32, சோதனையில் 73. வித்தியாசம் 68-லிருந்து 41-க்கு இறங்கியது. வேகம் பத்து நிமிடமும் அசையவில்லை. அலுவலகக் கணினிகள் பலவற்றின் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்பு நிரல்) ஃபேன் வேகத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற இடமிருக்காது. எனவே இரைச்சலையும் இந்தச் சோதனையின்போதே காது கொடுத்துக் கேட்டு, அந்த வீட்டில் அது ஒத்துவருமா என்று முடிவு செய்யுங்கள்.

வித்தியாசம் பழையதைவிட ஐந்து டிகிரிகூடக் குறையவில்லை என்றால், மூடியைக் கழற்றி ஓட்டும் இரண்டாம் படிச் சோதனைக்குத் திரும்புங்கள். அது எந்தப் பக்கம் போவது என்று சொல்லும்.

பழைய கூலரை, அதன் ஸ்க்ரூக்களோடும் தூண்களோடும் ஒரு நெகிழிப் பையில் போட்டு, பெட்டியின் மாடல் எண்ணை எழுதி வையுங்கள். புது ஃபேன் ஒரு நாள் நின்றுபோனால் தேர்வு வாரத்தில் அதுதான் கைகொடுக்கும். பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, தேதி, பேஸ்டின் பெயர், அறை வெப்பம், சோதனை வெப்பம் இந்த நான்கையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். அடுத்து திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.